கிரைண்டர் மோட்டாரில் ஓடிய கூலர்

அன்புள்ள ஜ்யோத்ஸ்னாவுக்கு அப்பாவின் ஆசிகள். ஜனக்புரியில் நாற்பத்தைந்து டிகிரி வெயிலிலும் நான் நலமாகவே இருக்கிறேன், வலது முழங்கால் மட்டும் ஒத்துழைப்பதில்லை. நீயும் மாப்பிள்ளை அர்விந்தும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். மாத்திரைகளை நீ அனுப்பிய டப்பாவில் கிழமை பார்த்துத்தான் சாப்பிடுகிறேன்.

இனி எழுதப்போவது அருவருப்பான விஷயம். என்னோடு ஆபீசில் இருந்த கலியமூர்த்தியும் உன் வெங்கடராமன் மாமாவும் சனிக்கிழமை ராத்திரி வந்தார்கள். நம் பின்முற்றத்தில் மூவருமாக ஒரு பெரிய கூலர் செய்வதாக ஏற்பாடு. டிரம்மில் தண்ணீர், அதில் பாதி முங்கிச் சுழலும் வெட்டிவேர் உருளை, பின்னால் டேபிள் ஃபேன். உருளையைச் சுற்ற மோட்டார் வேண்டுமே, கலியமூர்த்தியின் கண் உன் அம்மா விட்டுப்போன கிரைண்டர் மேல் விழுந்தது. அக்டோபரில் வரும்போது நீ எடுத்துப் போகக் கேட்டது அது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், சும்மா கெடக்குற மோட்டார்தானே சார், பொண்ணு கனடாவுல மாவாட்டவா போவுது என்று சிரித்தார். சொல்ல வந்ததைக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மூவரும் முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவர்கள் அல்லவா, இதற்கும் படம் போட்டுக் குறிப்பு எழுதினோம். ஏழாவது பத்தியில், கிரைண்டர் மோட்டாரைத் தவிர்க்கலாம், டிரம்மைக் கழுவியதாகத் தெரியவில்லை என்று எழுதினேன். இருவரும் படிக்காமலே இனிஷியல் போட்டார்கள். சேஷு நோட் போட்டா சரியாத்தான் இருக்கும் என்று என் முதுகில் தட்டினார் மாமா. அது பக்கத்து வீட்டு ஷ்வேதா காய்கறிக் கழிவை ஊறப்போட்ட டிரம். அடியில் ஒட்டியிருந்ததன் மேலேயே தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டதும் புழுக்களோடு பச்சைக் குழம்பு மூவர் முகத்திலும் அடித்தது, என் வாய்க்குள்ளும் போயிற்று. ஷ்வேதா நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு, அங்கிள்ஜி, க்யா பத்பூ ஹை என்று ஜன்னலிலிருந்து கத்தினாள். மோட்டார் புகைந்து நின்றது. அவர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் கூடச் சிரித்தேன். நான்கு முறை குளித்தும் அந்த நாற்றம் போகவில்லை, ஆனால் அதைவிட அருவருப்பு நான் சிரித்ததுதான். மெக்கானிக், மோட்டாரின் காயில் கருகிவிட்டது, வேறு மோட்டார் போடலாம் என்கிறான். போடச் சொல்லவில்லை, நீ சொல்லாமல் எதையும் செய்யப் பயமாக இருக்கிறது. கல் பத்திரமாக இருக்கிறது, கழுவித் துண்டில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, அர்விந்தை வண்டியை நிதானமாக ஓட்டச் சொல். இருவரும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் வெயிலையும் முழங்காலையும் பற்றியே பேசிக்கொண்டு போவேன். நடுவில் நிறுத்தி, கிரைண்டர் என்ன ஆயிற்று என்று நீயே கேள். இந்தக் கடிதத்தையாவது ஏழாவது பத்தி மாதிரி படிக்காமல் விட்டுவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
சேஷு