அண்ணி குடியிருக்கும் வீடு

ஜனவரி 9, வியாழன்

பரிசோதனைக் கூடத்தில், ரத்தம் எடுக்கும் என் மேசையில் இன்று நிற்க நேரமில்லை. இடையில் அண்ணன் பலமுறை கூப்பிட்டிருக்கிறான். மதியம் பேசினேன். அப்பா விட்டுப்போன வீட்டை விற்றுவிடலாம் என்கிறான். புது அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டானாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு எங்கள் இருவர் பெயரிலும்தானே இருக்கிறது?

அதில் குடியிருப்பது அண்ணி. விவாகரத்தாகி மூன்று வருடம் ஆகியும் எனக்கு வேறு எப்படியும் அவளைக் கூப்பிட வாய் வரவில்லை. வாடகைக்கு விடலாம் என்று சொன்னது நான். "உன் இஷ்டம்" என்று அண்ணன் கையெழுத்துப் போட்டான். ஒப்பந்தம் மே மாதக் கடைசி வரை. கூடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். தேர்வு முடிகிறவரை யாரும் கிளப்பக் கூடாது என்றுதான் மே வரை போட்டோம்.

ஜனவரி 18, சனி

தரகர் ஒரு பல் மருத்துவரையும் அவர் மனைவியையும் கூட்டி வந்தார். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம். கூடம் நிறையப் பிள்ளைகள். மருத்துவர் உள்ளே வந்ததும் அத்தனை பேரும் எழுந்து ஒரே குரலில் மாலை வணக்கம் சொன்னார்கள். பாவம், மனிதர் பயந்துபோனார். புத்தகப் பைகளைத் தாண்டித் தாண்டித்தான் படுக்கையறைக்குப் போக முடிந்தது.

அண்ணி முகம் கொடுத்துத்தான் பேசினாள். ஆனால் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. பிப்ரவரி கடைசிக்குள் காலியாக வேண்டுமாம்.

ஜனவரி 22, புதன்

வக்கீலைப் பார்த்தேன். வீடு யார் கைக்குப் போனாலும் மே வரை அவளை எழுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். அண்ணனிடம் அப்படியே சொன்னேன். போனை வைத்துவிட்டான்.

ஜனவரி 26, ஞாயிறு

அண்ணன் என் வீட்டுக்கே வந்துவிட்டான். தேநீரைத் தொடவில்லை.

"வீடு வித்தா ஒப்பந்தம் தானா முடிஞ்சிடும்னு அவகிட்ட சொல்லு."

அது பொய் என்றேன்.

"தெரியும். நான் சொன்னா வக்கீல்கிட்ட போவா. நீ சொன்னா நம்புவா."

அவளுக்கு வேறு வீடு கிடைக்காதா, தனக்கு இந்த வாய்ப்பு திரும்ப வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவன். அதை அவன் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஜனவரி 27, திங்கள்

சொல்லிவிட்டேன்.

அண்ணி எதிர்க் கேள்வி கேட்கவில்லை. "அப்படியா? எனக்கு இதெல்லாம் தெரியாது. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். பிறகு எனக்கு ஜலதோஷமா, குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

பிப்ரவரி 1, சனி

பரிசோதனைக்கு வந்த ஒரு பெண், கையை நீட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். மகள் கணக்கில் வீக்காம். இந்த வருடம்தான் தலையெடுத்திருக்கிறாளாம். "டீச்சர் திடீர்னு காலி பண்றாங்களாம். பரீட்சை நேரத்துல பிள்ளைங்க எங்க போகும், சொல்லுங்க?"

எனக்கு நரம்பு அகப்படவில்லை. இரண்டு முறை குத்தினேன். பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். என்ன காரியம் செய்துவிட்டேன்? எவ்வளவு லேசாகச் செய்துவிட்டேன்!

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையிலேயே போனேன். கூடத்தில் பெட்டிகள். கரும்பலகையைக்கூடச் சுவரிலிருந்து கழற்றி வைத்திருந்தாள்.

வாசலில் நின்றபடியே சொன்னேன். "அண்ணி, நான் சொன்னது பொய். மே வரைக்கும் உங்களை யாராலயும் எழுப்ப முடியாது. தெரிஞ்சேதான் சொன்னேன்."

கையிலிருந்த கயிற்றை அவள் மெதுவாகச் சுற்றினாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"இதை உங்க அண்ணன் வந்து சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. அவரு அப்படித்தான்." பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைங்க வர்ற நேரம். நீங்க கிளம்புங்க" என்றாள்.

நீங்க. கல்யாணமாகி வந்த நாள் முதல் என்னை 'நீ' என்றே கூப்பிட்டவள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அண்ணனிடமும் சொல்லியாயிற்று. பல் மருத்துவர் பின்வாங்கிவிட்டார். "உனக்கு நான் யாரு?" என்று கேட்டான். அண்ணன்தான் என்றேன். அது பதிலாக இல்லை அவனுக்கு. மே வரை அவள் இருப்பாள் என்று எழுதாத எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

தரகர் இன்னொருவரைக் கூட்டி வந்தார். கப்பலில் சமையல்காரர். மற்ற அறைகளை எட்டிப் பார்த்ததோடு சரி, அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். ஜூலை வரை கடலில்தானாம். அதுவரை அண்ணி இருந்தால் தனக்கும் நல்லதுதான், பூட்டிக் கிடந்தால் வீடு கெட்டுவிடும் என்றார். விலையைத்தான் குறைத்துக் கேட்கிறார். குறைவது என் பங்கில் குறையட்டும் என்று அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்.

'சரி' என்று மட்டும் பதில் வந்தது.

மார்ச் 14, வெள்ளி

பத்திரம் முடிந்தது. அண்ணன் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். மூக்குக் கண்ணாடி போட ஆரம்பித்திருக்கிறான், எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டதும் பேனாவை என் பக்கம் நகர்த்தினான். கிளம்பும்போது, மழை வரும், ஆட்டோவில் போ என்றான். அவ்வளவுதான்.

ஜூன் 13, வெள்ளி

ஒப்பந்தம் முடிந்த கையோடு அண்ணி காலி செய்துவிட்டாளாம். அடுத்த தெருவிலேயே மாடி வீடு. தரகர் சொல்லித்தான் தெரியும்.

சாயங்காலம் போனேன். போவதா வேண்டாமா என்று படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே புது வகுப்புப் பிள்ளைகள். அண்ணி என்னைப் பார்த்தாள், பாடத்தை நிறுத்தவில்லை. முக்காலியிலிருந்த விடைத்தாள் கட்டை எடுத்து, நான் உட்கார்ந்ததும் என் மடியில் வைத்தாள்.

"சிவப்புப் பேனா ஜன்னல்ல இருக்கு. கடைசிக் கணக்குக்கு மட்டும் ஒவ்வொரு படிக்கும் மார்க் உண்டு."

திருத்தி முடித்தபோது பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். அண்ணி விடைத்தாள்களை வாங்கி விளக்கடியில் உட்கார்ந்தாள். நான் போட்ட கூட்டலை ஒவ்வொரு தாளிலும் மறுபடி கூட்டிப் பார்த்தாள். முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.