கண்ணாடிக் குழாயில் பொட்டு

செப்டம்பர் 29, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக மொட்டைமாடிக்குப் போய் மேற்கே மலையைப் பார்த்தேன். செண்பகத்தோப்புப் பக்கம் மேகம் இல்லை. ராஜபாளையம் மில்லுக்குப் போன் போட்டு, எட்டு மணிக்குக் கண்ணாடிகளைத் திருப்பச் சொன்னேன். கேஸைக் குறைத்து வைக்கலாம்.

கீழே வந்தால் என் வீட்டுக்காரர் யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். "ஊருல பொம்பளைய கோலம் போட எந்திரிப்பாவ. நீ வெயிலு பாக்க எந்திரிக்க" என்றார். சிரித்துவிட்டேன்.

இயற்பியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வருவேன் என்று நினைத்ததில்லை. பேண்டேஜ் துணி வெளுக்கிற மில். பின்பக்கத் திடலில் வளைந்த கண்ணாடிகள் வரிசையாக நிற்கின்றன. அவை வெயிலைக் குவித்து நடுவில் ஓடும் குழாயில் எண்ணெயைச் சூடாக்கும். அந்தச் சூட்டில் வரும் நீராவி முதலில் சின்ன டர்பைனைச் சுற்றும், பிறகு துணியை அவிக்கும். வெயில் குறைந்தால் கேஸ் பர்னர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் இழுபறி இல்லாமல் ஓட்டுவது என் பொறுப்பு. பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அவர் அதே மில்லில் செக்யூரிட்டி அதிகாரி.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பாய்லருக்குப் பூஜை முடிந்ததும் மதியமே வந்துவிட்டேன். அவர் சாயங்காலம்தான் வந்தார், பொரியும் கடலையுமாக. நாளையும் லீவு.

அக்டோபர் 3, வெள்ளி



காலையில் கண்ணாடிகள் வெயில் பக்கம் திரும்பின. நான் பர்னர் பக்கம் கேஸைத் தணித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு வெடிச் சத்தம். யாரோ தீபாவளிக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இன்னொன்று. அப்புறம் வரிசையாக — எண்ணெய்க் குழாயைச் சுற்றியிருக்கும் கண்ணாடி உறைகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கின்றன.

"கண்ணாடிய திருப்புலே! ஏலே, திருப்பு!" கத்தியது நான்தான். ஆபரேட்டர் மாரிசெல்வத்தை இதுவரை 'தம்பி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

கண்ணாடி கழுவுகிற சுடலைமாடத்தி அப்போதுதான் வாளியோடு அந்த வரிசையை விட்டு வெளியே வந்திருந்தாள். செத்த நேரம் பிந்தியிருந்தால்? யோசிக்கவே முடியவில்லை.

உறைகளில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் நீராவி இறங்கவில்லை. கேஸ் எடுத்துக்கொண்டது. துணி எப்போதும் போல வெள்ளையாகவே வந்தது. உள்ளே வேலை செய்தவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது.

அக்டோபர் 4, சனி

சில்லுகளைப் பொறுக்கிப் பார்த்தேன். சிலவற்றில் கறுப்பாக வட்டம் தீய்ந்திருந்தது. உடையாமல் தப்பிய குழாய்களைப் போய்ப் பார்த்தால் — சந்தனம், நடுவில் குங்குமம். வரிசையாக, அழகாக, ஒவ்வொன்றுக்கும் பொட்டு!

வெயில் கண்ணாடிக்குள் புகுந்து போய்விடும், அதனால் உறை அவ்வளவாகச் சுடாது. பொட்டு இருந்த இடத்தில் குவிந்த வெயில் அப்படியே நின்றுவிட்டது. அந்த ஓர் இடம் மட்டும் கொதித்தால் கண்ணாடி எப்படித் தாங்கும்? கண்டுபிடித்த வேகத்தில் ஓடிப்போய் முதலாளி கௌதம்ராஜ் சாரிடம் சொன்னேன். காரணம் தெரிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்த என் புத்தி.

"அங்க தினம் போறது யாரு? கழுவுற பொம்பளைங்கதான?" என்றார். சுடலைமாடத்தியைக் கூப்பிட்டார்.

"நான் வைக்கல சார். பொட்டு இருந்துச்சு. சாமிப் பொட்டாச்சேன்னு தொடைக்காம விட்டுட்டேன். அம்புட்டுத்தான்."

"அப்ப சாமியே வந்து வச்சுட்டுப் போச்சாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். அங்கே என் வீட்டுக்காரர் யூனிபார்மில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். அதற்கப்புறம் அவள் வாயே திறக்கவில்லை. நான் "விசாரிக்கலாமே சார்" என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். கேட் வரை கொண்டுவிட்டது அவர்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

அவர் பகல் முழுக்கப் படுத்தே கிடந்தார். அசதி என்றார்.

அக்டோபர் 7, செவ்வாய்

மதுரை ஹாஸ்டலில் இருந்து மகள் யுவராணி ஒரு வீடியோ அனுப்பினாள். "பூஜையன்னைக்கு அப்பா எனக்கு அனுப்புனது. ஒங்க மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்காரு பாருங்கம்மா. இந்த வயசுல என்னா லவ்வு!" அவளுக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது.

அவர் குரல்தான். "பாப்பா, இது பூராம் ஒங்கம்மா மெஷினு." சந்தனக் கிண்ணம். அவர் விரல். வரிசை வரிசையாக.

நான்கு தடவை பார்த்தேன். இல்லை, அதற்கு மேலும் இருக்கும்.

சனிக்கிழமை வாசலில் நின்னாரே. நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரே! "பைய எடுத்துக்கம்மா"ன்னு அவகிட்ட சொன்னாரே. அவரால எப்படி முடிஞ்சது?

அக்டோபர் 8, புதன்

கேட்டுவிட்டேன்.

"பொட்டு வச்சா ஒடையும்னு எனக்கு எப்படிட்டி தெரியும்?"

"தெரியாதுதான். அதை நான் கேக்கல. சனிக்கெழம ஏன் பேசல?"

"பேசுனா? யூனிபார்ம கழட்டச் சொல்லுவாவ. பட்டாளத்துல இருந்து வந்தவன், பொட்டு வச்சுக் கண்ணாடிய ஒடச்சான்னு ஊரு பூராம் சிரிக்கணுமா?"

"அவளுக்கு வேல போச்சுங்க."

"அவளுக்கு எங்கயும் கெடைக்கும். கேஸு ஓடுது, துணி போவுது. யாருக்கு என்ன கொறஞ்சு போச்சு இப்ப?"

அப்புறம் காபி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். குடித்தார். நிதானமாக, ஆற்றி ஆற்றி. அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

லீவு போட்டுத் தளவாய்புரம் போனேன். சுடலைமாடத்தி வாசலில் உட்கார்ந்து நைட்டிக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. "வாங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

பொட்டு வைத்தது யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன்.

"தெரிஞ்சுதான இருக்கும்" என்றாள். "வெள்ளிக்கெழம காலைல அண்ணாச்சிகிட்டயே கேட்டேன், தொடச்சிரட்டான்னு. 'சாமிப் பொட்டுட்டி, கைய வைக்காத'ன்னாவ."

இது எனக்குத் தெரியாது. இதை அவர் சொல்லவே இல்லை.

"அங்கனயே சொல்லியிருக்கலாமே, சுடலை?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எப்படி சொல்ல? பொட்டுதான் காரணம்னு நீங்கதான் வந்து சொன்னிய. வாசல்ல அவிய நிக்காவ. புருசனும் பொண்டாட்டியும் பேசி வச்சுத்தான் என்னைய அனுப்புதியன்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

அடுத்த நைட்டியை மடியில் எடுத்துப் போட்டாள். நம்பினாளா, தெரியவில்லை. "சரிக்கா, பஸ்ஸு வந்துரும்" என்றாள்.

பஸ்ஸில் அழுகை வரவில்லை. ஆறு நாள் அவள் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டு பட்டன் தைத்திருக்கிறாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

புதுக் குழாய்கள் வர தீபாவளி கழியுமாம். அதுவரை முழுக்கக் கேஸ். கழுவும் வேலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி முதலாளி அவரிடமே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார். சாப்பிடும்போது அதை என்னிடம் சொல்கிறார்! "பாத்தியா, எல்லாம் அடங்கிருச்சு. நீதான் பெருசாக்குன" என்று சொல்லி, எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அன்பாகத்தான் ஊற்றினார். கெட்ட மனுஷன் என்று எழுதிவிட்டால் எவ்வளவு எளிது.

அவராகப் போய்ச் சொல்வார் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். இனி இல்லை.

நாளைக் காலை முதலாளி அறையில் நான் சொல்லப் போகிறேன். அவர் வாசலில் நிற்கும்போதே. வீடியோவைக் காட்ட மாட்டேன், அது அவர் மகளுக்கு அனுப்பியது. என் வாய் போதும். யார் வைத்தது, யார் துடைக்க வேண்டாம் என்றது, இரண்டையும்.

அவரிடம் சொல்லவில்லை. யுவராணியிடமும், சுடலைமாடத்தியிடமும் சொல்லவில்லை.

என் பைக் பஞ்சர். நாளை அவர் வண்டியில், அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.