குளித்த தண்ணீரில் விளைந்த தார்

கோச்சடை, மதுரை
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் பின்

அன்புள்ள டயானா அப்பாவுக்கு,

தேவ கிருபையால் இங்கு நானும் வீடும் சுகம். அங்கு நீங்களும் உங்கள் சர்க்கரையும் ஒருவரையொருவர் அனுசரித்துப் போகிறீர்களா? அடுத்த தெரு ஜூடுவுக்கு லீவு முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான். அவனிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்து விடுகிறேன். ஊறுகாயைத் திறந்ததும் கடிதத்தை மறந்துவிட வேண்டாம்.

தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் வீட்டுப் பேச்சை எடுத்தால் உடனே உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. கோயம்புத்தூரிலிருந்து டயானா பேசினால் மட்டும் நன்றாகக் கிடைக்கிறது. காகிதத்தில் எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான்.

கம்பெனியில் உங்களை இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் ஜூடு சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. அவனிடம், "அந்த வீட்டுல தண்ணியே கெடையாதுடா. அத வித்துட்டு கே.கே. நகர்ல ஒரு ஃபிளாட் வாங்கச் சொல்லு, அப்புறம் வாரேன்" என்றும் சொன்னீர்களாம். என்னிடம் சொல்ல வேண்டியதை அடுத்த தெருப் பையனிடம் சொல்லி அனுப்புகிறீர்கள். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவர், சொந்த வீட்டுத் தண்ணீருக்கு மட்டும் இப்படிப் பயந்தால் எப்படி?

நீங்கள் கடைசியாக வந்தது சரியான கோடையில். போர் வற்றிப்போய், லாரிக்காக வாசலில் காத்துக் கிடந்து, தெருக்குழாயில் சண்டை போட்டு, லீவு முடியும் முன்பே கிளம்பிவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கே அப்போது எங்காவது ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் மனதில் வைத்திருப்பது அந்த வீடு. இப்போது இருப்பது வேறு வீடு.

நான் ரிட்டயர் ஆன கையோடு முதலில் பிளம்பர் நல்லகாமனைக் கூப்பிட்டேன். குளியலறைத் தண்ணீர் சாக்கடைக்குப் போவதை நிறுத்தித் தோட்டத்துப் பக்கம் திருப்பச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஊரெல்லாம் வீட்டுத் தண்ணிய வெளிய தள்ளத்தான் என்னயக் கூப்பிடுவாக, நீங்க உள்ள இழுக்கச் சொல்றீகளே டீச்சர்" என்றார். ஒரு குழி தோண்டி ஜல்லி, கரி, மணல் போட்டோம். அழுக்கை உறிஞ்ச ஓரத்தில் கல்வாழை வைத்தேன். குழியில் வடிந்து வருகிற தண்ணீர் வாழைக்குப் போகிறது. அரிசி, காய் கழுவுகிற தண்ணீர் கறிவேப்பிலைக்கு. மாடியில் விழுகிற மழை போருக்குப் பக்கத்தில் தோண்டிய குழிக்கு. போன கோடையில் போரில் தண்ணீர் குறைந்தது, ஆனால் வற்றவில்லை. ஒரு லாரிகூட நம் வாசலில் நிற்கவில்லை.

எல்லாமே சரியாக நடந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் இதையும் எழுதுகிறேன். ஆசைப்பட்டு வாஷிங் மெஷின் தண்ணீரையும் எலுமிச்சைக்கு விட்டேன். சோப்புத்தூள் காரத்தில் இலையெல்லாம் கருகிவிட்டது. இப்போது கடைசி அலசல் தண்ணீரை மட்டும் விடுகிறேன். மரம் பிழைத்துக்கொண்டது. உங்கள் கையிலிருக்கும் ஊறுகாய் அதற்குச் சாட்சி.

இன்னொரு கூத்து. தோட்டத்தைப் பெருக்குவதை நிறுத்திவிட்டேன். தினமும் சருகைக் கூட்டி மண்ணைப் பளிச்சென்று வைத்ததால்தான் ஊற்றின தண்ணீரை எல்லாம் வெயில் குடித்துக்கொண்டிருந்தது. இப்போது சருகும் தேங்காய் மட்டையும் மண்ணை மூடிக் கிடக்கின்றன, உள்ளே ஈரம் காயவே இல்லை. வீட்டுக்கு வந்த நம் சபை ஆயரம்மா அதைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் பெண்கள் ஐக்கிய சங்கமே திரண்டு வந்து எனக்காக ஜெபம் செய்தது. வாசல் பெருக்கக்கூட மனமில்லாமல் தனிமையில் வாடும் சகோதரியைத் தேற்றும் ஆண்டவரே என்று! நான் வாடவில்லை, என் மண்தான் வாடாமல் இருக்கிறது என்று சொல்லி எல்லாருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினேன். அவர்கள் போன பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு நம் சபையில் அறுப்பின் பண்டிகை. நம் வீட்டுக் கற்பூரவள்ளி வாழைத்தாரைக் காணிக்கையாகக் கொண்டுபோனேன். தூக்க ஆள் போதாமல் பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரியும் கூட வந்தாள். வழக்கம்போல பெர்சி அண்ணன்தான் மைக்கைப் பிடித்து ஏலம் விட்டார். தாரைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். என்ன உரம் போட்டீர்கள் என்று அவர் கேட்டதும், எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உரமெல்லாம் ஒன்றுமில்லை, நான் குளித்த தண்ணீர்தான் என்று மைக்கில் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். ஏலம் அப்படியே நின்றது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்போது பாண்டீஸ்வரி பின்வரிசையிலிருந்து எழுந்து, "ஏண்ணே, வைகையில அம்புட்டுப் பேரும் குளிச்சு எந்திரிக்கிற தண்ணியத்தான குழாயில புடிச்சுக் குடிக்கிறோம்! இது டீச்சரக்கா ஒரு ஆளு குளிச்ச தண்ணி. யாரும் கேக்கலேன்னா நான் எடுத்துக்கிறேன்" என்றாள். கே.கே. நகர் கிளினிக்கில் நர்ஸ், ஊசி போடும் கைக்கு ஏற்ற வாய். ஆயரே சிரித்துவிட்டார். பிறகு போட்டி போட்டுக் கேட்டார்கள். கடைசியில் தாரை ஏலத்தில் எடுத்தது யார் தெரியுமா? ஆயரம்மா!

அந்தச் சிரிப்போடு பெர்சி அண்ணன் நிறுத்தியிருக்கலாம், உங்களையும் இழுத்தார். "அடுத்த வருசம் இம்புட்டுப் பெரிய தார லாசரே தோள்ல தூக்கிட்டு வருவாரா டீச்சர்?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. வருவார் என்று சொல்லிவிட்டேன். சபை முழுக்கக் கை தட்டியது. தேவனுடைய வீட்டில் நின்று சொன்ன வார்த்தை. அதை மெய்யாக்குவதும் பொய்யாக்குவதும் இப்போது உங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

ஃபிளாட் வேண்டுமென்றால் வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்ப்போம். பார்த்து, பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவோம். இங்கே வந்து சும்மா உட்கார்ந்து என்ன செய்ய என்று உங்களுக்கு ஒரு பயம் இருப்பது எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் தனித்தனியாக இருந்துவிட்டு ஒரே வீட்டில் இருக்க எனக்கும் கொஞ்சம் கூச்சம்தான். பழகிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. நான் ஒருத்தி குளிக்கிற தண்ணீர் இரண்டு வாழைக்குத்தான் போதும். அது தெரிந்தும் போன வாரம் மூன்றாவதாக ஒரு கன்றை ஊன்றிவிட்டேன். இதற்குத் தண்ணீர் பத்தாதே டீச்சர் என்றார் நல்லகாமன். இப்போதைக்குக் குடத்தில் மொண்டு ஊற்றுகிறேன். மழைக்காலம் முடியும் வரை தாங்கும். அதற்குப் பிறகு நீங்கள் வந்து குளித்தால்தான் உண்டு.

இத்தனை வருஷம் உங்கள் போக்கைக் காத்த தேவன், இனி உங்கள் வரவையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் விக்டோரியா