அழுகைச் சத்தம் கேட்பதாக நிறுத்தப்பட்ட புதன்கிழமை அமர்வுகள்

அனுப்புநர்:
அச்சகப் பிழை திருத்துநர்,
மகளிர் போதை மீட்பு இல்லத்தில் முன்பு தங்கிச் சிகிச்சை பெற்றவர்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
போதை மீட்புத் துறை.

பொருள்: மன அதிர்ச்சிக்கான சிகிச்சை அமர்வுகளை மீண்டும் நடத்த உத்தரவு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குடியிலிருந்து மீள நான் இந்த இல்லத்தில் மூன்று முறை தங்கினேன். முதல் இரண்டு முறையும் உடம்பிலிருந்து மது இறங்கியது, மனதிலிருந்து எதுவும் இறங்கவில்லை. வீடு திரும்பி இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. என் அண்ணனே என்னைக் கைகழுவிவிட்டார்.

2. மூன்றாம் முறை சென்றபோது புதன்கிழமை அமர்வுகள் தொடங்கியிருந்தன. நான்கு வாரம் நான் வாய் திறக்கவில்லை. அமர்வை நடத்திய ஆலோசகர் அம்மாவும் வற்புறுத்தவில்லை. ஐந்தாம் வாரம், என் கணவர் என்னை அறையில் பூட்டிவைத்து அடித்த ஏழு ஆண்டுகளைப் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் அப்படித்தான்க்கா. நான் மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். இருவரும் வாய்விட்டு அழுதோம். அது வார்டு முழுவதும் கேட்டிருக்கும், மறுக்கவில்லை. அதன்பின் பத்தொன்பது மாதங்களாக நான் மதுவைத் தொடவில்லை.

3. சென்ற மாதம் இந்த அமர்வுகள் நிறுத்தப்பட்டன. அழுகையால் மற்றவர்களின் ஓய்வு கெடுகிறது, அழுதவர்கள் சாப்பிடாததால் அன்று சாப்பாடு மிஞ்சுகிறது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். அந்த நேரத்தில் இப்போது தையல் வகுப்பு நடக்கிறது. தையல் நல்ல தொழில்தான். அதை வியாழக்கிழமைக்கு மாற்றினால் பெண்கள் அன்று கற்றுக்கொள்வார்கள். சீழ் வைத்த புண்ணைக் கீறும்போது வலிக்கத்தான் செய்யும். பாதி கீறிய நிலையில் கட்டுப்போட்டு அனுப்புவதே எங்கள் மனக்குறை. எட்டுப் பெண்கள் அந்த நிலையில் இருக்கிறார்கள். கடைசி அமர்வில்தான் முதன்முறையாகப் பேசத் தொடங்கிய ஒருத்தி, வீட்டுக்குப் போவதாகப் பெட்டி கட்டியிருக்கிறாள்.

4. கண்காணிப்பாளர் அம்மாவைக் குறைகூற இம்மனுவை எழுதவில்லை. நேரில் சென்றபோது உட்காரவைத்து முழுவதும் கேட்டார். "மேலிடத்துல எழுதிக் குடுத்தாங்கன்னா நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்மா" என்றார். ஆலோசகர் அம்மாவும் வரத் தயார். சலவை அறைக்குப் பின்னாலுள்ள பழைய கிடங்கை, முன்பு தங்கியிருந்த பெண்கள் பதினொரு பேர் சேர்ந்து சுத்தம் செய்து வெள்ளையடித்துவிட்டோம். அங்கிருந்து சத்தம் வார்டுக்குப் போகாது; உள்ளே ஒருத்தியை உரக்கப் பேசவைத்துச் சோதித்தும் பார்த்தோம்.

ஆகவே, வரும் புதன்கிழமைக்குள் ஐயா அவர்கள் ஒருவரி உத்தரவு தந்தால் போதும். பெட்டி கட்டியவளிடம் அதுவரை பொறுக்கும்படி கேட்டிருக்கிறோம், சரி என்றிருக்கிறாள். அறையில் நாற்காலிகளும் போட்டாயிற்று.

நாள்: மார்ச் 6
இடம்: மீட்பு இல்ல வரவேற்பறை

உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
அச்சகப் பிழை திருத்துநர்

உடன் ஒப்பமிட்டோர்: முன்பு தங்கியிருந்த பெண்கள் பத்துப் பேர்