எலிகள் ஒரே கலத்தில் உண்ட செய்தி

அலைவாய்க்கோட்டுப் பெருமன்னர், கடற்கரை முழுதும் காக்கும் கோமான், தந்தையார் குன்றவேள் அவர்கள் திருவடிக்கு, மூட்டுவீக்கத் தீவின் வைத்தியத் தலைவி நன்முகை வணங்கி விடுக்கும் ஓலை. நாட்டில் மழை தவறாதிருக்க. தந்தையாருக்கு நல்லுறக்கம் வாய்க்க.

மூட்டு வீங்கியவரைத் தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்னும் நாட்டு வழக்கப்படி, மூட்டு வீங்கிய இம்மகளை இத்தீவுக்கு அனுப்பினீர். வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் வைத்தியத் தலைவி என்ற பட்டமும் தந்தீர். ஆளுவதற்கு இங்கே எலிகளைத் தவிர ஒருவரும் இல்லை என்பதை அமைச்சர்கள் கவனிக்கவில்லை போலும். ஓடக்காரன் பூதன், தான் பிள்ளைகுட்டிக்காரன் என்று மன்னிப்புக் கேட்டு, சோற்றைப் பாறைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் துடுப்புப் போடுகிறான். பௌர்ணமிதோறும் தாங்கள் வந்து, படகில் நின்றபடியே நலம் கேட்டுப் போகிறீர். அன்று உம் மகளுக்குச் சோறு இறங்குவதில்லை.

வேறு வேலையின்மையால் அவள் எலிகளை ஆராய்ந்தாள். கால் வீங்கியவற்றையும் நலமானவற்றையும் ஒரே கூட்டில் விட்டாள். ஒரே கலத்தில் உண்டன, ஒன்றன்மேல் ஒன்று படுத்து உறங்கின. நலமானவை நலமாகவே இருந்தன. நோய்க்கிருமியோடு போரிடுவதற்கென்று நெஞ்சிலுள்ள சிறு சுரப்பியில் பயிற்சி பெறும் காவலணுக்கள் உண்டு. வீங்கிய எலியின் மண்ணீரலிலிருந்து அவற்றைப் பிரித்து, அவ்வணுக்களே இல்லாமல் பிறந்த எலிக்குச் செலுத்தியபோதுதான் அதன் கால் வீங்கியது. ஏனைய அணுக்களை மட்டும் செலுத்தியபோது ஒன்றும் ஆகவில்லை. சொந்த மூட்டையே பகையென்று எண்ணி அக்காவலணுக்கள் தாக்குகின்றன. இந்நோய் வெளியிலிருந்து வரவுமில்லை, அடுத்தவரிடம் போகவுமில்லை.

எலி வேறு, இளவரசி வேறு என்று அமைச்சர்கள் கூறுவர். மெய்தான். ஆனால் அவளை இங்கே அனுப்பும்போது அவர்கள் ஓர் எலியைக்கூடப் பார்க்கவில்லையே. வலியை அவள் பொறுத்துக்கொள்கிறாள். மனிதர் கை படாமல் வாழ்வதைப் பொறுக்க முடியவில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறாள்.

எழுத்தாணியில் துணி சுற்றிப் பிடித்து எழுதியதால் எழுத்து கோணல், பொறுத்தருள்க. முத்திரை மோதிரம் விரலில் ஏறாமையால் பெருவிரல் ரேகையே முத்திரை.

தாங்கள் தந்த பட்டத்தின் அதிகாரத்தால் தலைவி இடும் கட்டளை: வரும் பௌர்ணமியன்று படகு கரை தொடுக, மன்னர் இறங்குக. இறங்க மனமில்லையேல் இனிப் படகே வரவேண்டா. இறங்கினால் அவளோடு அமர்ந்து உண்க. அவளுக்கு விரல் மடங்குவதில்லை. கவளம் உருட்டித் தாங்களே ஊட்ட வேண்டும்.