மீனா போன மலை

நவம்பர் 3, திங்கள்

மழை நின்றுவிட்டது, இந்தத் தடவை நிஜமாகவே. காலையில் நல்ல காற்று. துணி காய்ந்தது.

அனுமதி வரவில்லை. இனி வராது என்று ஊ மியிண்ட் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். முதலாளிதான், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். என் வயது ஆண்களை வேலைக்காக வெளிநாடு போக இப்போது விடுவதில்லை. பட்டாளத்துக்கு ஆள் வேண்டுமாம், ஊருக்கே தெரிந்த விஷயம். மூன்று வாரம்தானே, கம்பெனிக் கடிதம் இருக்கிறதே என்று நான்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"மா மீனாவை அனுப்பலாமா, கோ சரவணன்? குழாய் வரைபடம் எல்லாம் அவங்க போட்டதுதானே."

மா, கோ எல்லாம் பர்மிய மரியாதை. மீனா என் மனைவி. அலுவலகத்தில் அடுத்த மேஜை. ஓமான் மலைக் கிராமங்களுக்கு சோலார் பம்பு வைக்கும் வேலை. பம்புக் கணக்கு நான், குழாய் அவள். இங்கே கியாக்டடாவில் பஸ் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து யாருடைய ஊருக்கோ தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஒருவராவது நேரில் போய் அளந்து பார்க்க வேண்டும்.

"தாராளமா அனுப்பலாம்" என்றேன்.

தாராளமாவாம்.

நவ. 4, செவ்வாய்

கரண்ட் காலையில் போனது, சாயங்காலம்தான் வந்தது. தெருவில் பிள்ளைகள் வழக்கம்போல "மீ லாப்பீ" என்று கத்தினார்கள், விளக்கு வந்தாச்சு என்று. மீனா அதற்குள் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தாள்.

எங்கள் வீடு நாலாவது மாடி. மீனா இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்குவாள். கல்யாணமான புதிதில் இன்யா ஏரிக்கரைக்கு நடக்கக் கூட்டிப் போனேன். பாதியில் டாக்சி பிடிக்கச் சொன்னாள். அவள் மலைக்குப் போகிறாள். நான் வீட்டில்.

"கோ, அங்க நடக்கறதுக்கு நீங்க ஏதோ யோசிச்சு வெச்சிருந்தீங்களே. எனக்குச் சொல்லுங்களேன். லீவு நாள்ல ரூமுக்குள்ளயே என்ன பண்ணுவேன்?"

ஏதோவாம். மழைக்காலம் முழுக்க வரைபடம் பார்த்துப் பார்த்து யோசித்தது. எல்லாம் சின்ன நடைகள், வேலைக்கு இடைஞ்சல் இல்லாதவை. சொன்னேன்:

நிஸ்வா ஊருக்குள், வாய்க்கால் ஓரமாகப் பேரீச்சந்தோட்டம். வேலைக்கு முன், காலையில். சமதளம்.

ஜபல் அக்தர் மலை மேலே, அடுக்கு வயல் கிராமங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமை லீவில். மேலே குளிரும், ஸ்வெட்டர்.

ஆளில்லாத பழைய ஊர், பள்ளத்துக்குள். படி நிறைய. தண்ணீர் அதிகம் எடுக்கணும்.

இன்னொன்று இருக்கிறது. ஜபல் ஷம்ஸ். பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டிப் போகும் பாதை. ஒரு பக்கம் பாறைச் சுவர், ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. எல்லாவற்றிலும் அதுதான் எனக்கு.

அதைச் சொல்லவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நவ. 8, சனி

ஏர்போர்ட். பாங்காக் வழி. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதும் ஒரு தடவை திரும்பிக் கை காட்டினாள், பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து பார்த்ததில்லை.

சாப்பாடு: முக்குக் கடை மொஹிங்கா. பால் வாங்க மறந்தேன்.

நவ. 11, செவ்வாய்

தினம் காலையில் பேரீச்சந்தோட்டம் போகிறாளாம். அங்கே இருக்கிற சைட் இன்ஜினியர் நாகர்கோவில்காரர், பாஸ்கர். பேச்சுக்குப் பேச்சு பாஸ்கர் அண்ணன். "பாஸ்கர் அண்ணன் நல்லாத் தமிழ் பேசறாங்க, எனக்குத்தான் நடுநடுவுல பர்மியச் சொல்லு வந்துடுது, அவங்க சிரிக்கறாங்க."

என்னிடம் பேசும்போதும்தான் வருகிறது. நான் சிரித்ததில்லை.

ஊ மியிண்ட் இன்று எல்லோர் முன்னாலும்: "மா மீனாவோட ரிப்போர்ட் ரொம்பத் தெளிவு." எனக்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

நவ. 14, வெள்ளி

அடுக்கு வயல் போட்டோக்கள் வந்தன. கீழே கிராமம், கல் வரப்புகள், மாதுளை மரங்களில் இலை பழுத்து மஞ்சளாக. நான் யோசித்த வழிதான். நான் சொன்ன இடத்தில்தான் நின்று எடுத்திருக்கிறாள்.

"மூச்சு வாங்குச்சு கோ. ஆனா நிக்கல."

நல்லது என்று பதில் போட்டேன்.

ஒரு படத்தில் மீனா சிரிக்கிறாள். பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் காலடியில் ஒரு நிழல், தொப்பி வைத்த ஆள். இன்னும் பெரிதாக்கினேன். நிழல் நிழலாகத்தான் இருந்தது. அவள் போட்டிருக்கும் ஜாக்கெட் யாருடையது? கேட்டேன். பாஸ்கர் மனைவியுடையதாம். அவர்களும் பிள்ளைகளும் கூட வந்தார்களாம், அடுத்த படத்திலேயே இருக்கிறார்கள். குண்டாக, சிரித்த முகமாக.

பார்த்த பிறகும் பொறாமை குறையவில்லை. அப்போதுதான் புரிந்தது, அந்த ஆள் மேல் இல்லை. அவள் மேல்.

நவ. 16, ஞாயிறு

தன்லியின், மாமியார் வீடு. பாலத்தில் பஸ் நெடுநேரம் நின்றது. கோழி வறுவல், ரசம். பக்கத்து வீட்டு அம்மாளிடம் அத்தை போனைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க, எம்மாம் பெரிய மலை. இவ ஏறியிருக்கா."

"மாப்பிள்ளை போகலியா?"

"அவருக்குக் குடுக்கல."

பரீட்சையில் மார்க் கொடுக்கவில்லை என்பதுபோல் சொன்னார். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "பரவால்ல தம்பி, பொண்டாட்டி போனா நீங்க போன மாதிரிதான்" என்றார். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

நவ. 21, வெள்ளி

சாயங்காலம் வீட்டில் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒரே ஒரு படம். பாறைச் சுவர், ஒல்லியான பாதை, அதற்கு அப்புறம் வெறும் ஆகாசம்.

ஜபல் ஷம்ஸ்.

பின்னாலேயே குரல் பதிவு. காற்றுச் சத்தம். "கோ, இந்த இடம் நீங்க சொல்லவே இல்லியே. பாஸ்கர் அண்ணன் கூட்டிட்டு வந்தாங்க. உங்களுக்கு இது தெரியாதா?"

"தெரியாது" என்று எழுதி அனுப்பினேன்.

சட்டைக் காலர் கருகிவிட்டது. வெள்ளைச் சட்டை, நல்லது.

எதற்குப் பொய்? சொல்லியிருந்தாலும் போயிருப்பாள், சொல்லாமலும் போய்விட்டாள். எனக்கென்று ஒன்றே ஒன்று வைத்திருந்தேன். அதையும் பார்த்துவிட்டாள்.

நவ. 22, சனி

அரை நாள் வேலை. தலைவலி. லப்பெயே கடையில் உட்கார்ந்திருந்தேன், டீ ஆறியது. அங்கிருந்தே கூப்பிட்டேன்.

"நேத்து பொய் சொன்னேன். அந்த இடம் எனக்குத் தெரியும். வேணும்னேதான் சொல்லல."

ஆறிய டீயைத் தள்ளி வைத்தேன்.

"தெரியும், கோ."

"என்ன தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அந்தப் பாறையோட படத்தைத்தான் எனக்குப் போன்ல காட்டினீங்க. வேற என்ன பேசறதுன்னு தெரியாம. இங்க ஒருநாள் போகணும்னீங்க. நான் எப்படி மறப்பேன்?"

மறந்தது நான்தான்.

"அப்புறம் ஏன் தெரியாதான்னு கேட்ட?"

"சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

கடைக்காரர் வந்து மேஜையைத் துடைத்தார். கப்பைத் தூக்கிக்கொண்டேன்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கடைசி வரைக்கும் போகல. கொஞ்ச தூரத்துலயே கால் நடுங்கிடுச்சு. பாறையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். மத்தவங்க போய்ட்டு வந்தாங்க."

எனக்காகத்தான் போகாமல் இருந்தாளோ என்று ஒரு நிமிஷம். கேட்டேவிட்டேன்.

"இல்ல கோ. நிஜமாவே பயம்."

சந்தோஷமாக இருந்தது. வேறு யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். அவள் பயந்தது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. டீயைக் குடித்தேன்.

நவ. 26, புதன்

குளிர். ஊ மியிண்ட் இரண்டு தடவை என் மேஜை வரை வந்து, பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஏதோ இருக்கிறது.

நவ. 29, சனி

வந்துவிட்டாள். கறுத்திருக்கிறாள், மெலிந்திருக்கிறாள். பெட்டியை நான் தூக்கினேன். இரண்டாவது மாடியில் நின்றது நான். அவள் மேலே போய்க் கதவைத் திறந்திருந்தாள்.

பேரீச்சம்பழம், அத்தைக்கு அத்தர், எனக்கு ஒரு தொப்பி. கொஞ்சம் பெரிது.

பள்ளத்து ஊரின் படிகளில் இறங்கியதில் முட்டி வீங்கியிருக்கிறது. சொல்லவே இல்லை. அங்கே ஒன்றும் சொல்லாமல் பெல்ட் போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள்.

நவ. 30, ஞாயிறு

இட்லி, சட்னி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். ஜனவரியிலிருந்து ஒரு வருஷம் அங்கே வரச் சொல்கிறார்களாம். ஊ மியிண்டுக்குத் தெரியும். சரி என்று சொல்லிவிட்டாளாம், அங்கிருந்தே.

"என்னைக் கேட்டிருக்கலாமே, மீனா."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"போன்னுதான் சொல்லியிருப்பேன்."

"தாராளமா போன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் நான்தானே அனுப்பினேன், நான்தானே அனுப்பினேன்னு வருஷம் பூரா உள்ளுக்குள்ளயே புழுங்கிக்கிட்டு இருப்பீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கோபமா பேச முடியாது உங்களால. அதான் கேக்கல. இப்ப நான் கேக்காம முடிவு பண்ணிட்டேன். என்மேல கோபப்படலாம் நீங்க."

இட்லியைப் பிட்டேன், வாயில் வைக்கவில்லை.

"பொறாமையா இருக்கு" என்றேன்.

"தெரியும். எனக்கா இருந்தாலும் இருக்கும்."

தட்டுகளை எடுத்துப் போனாள். நொண்டிக்கொண்டே.

மத்தியானம் வரை கோபமாகவே இருந்தேன். அவளும் சமாதானப்படுத்த வரவில்லை. கொடியில் துணி எடுத்தாள், அத்தையோடு போனில் பேசினாள். பிறகு வந்து கட்டிலில் உட்கார்ந்து, தைலக் குப்பியை என் பக்கம் நீட்டி, முட்டியில் தேய்த்துவிடச் சொன்னாள்.

கோபத்தோடுதான் தேய்த்தேன். "மெதுவா" என்றாள்.