லம்பி சரோஜாவுக்கு, சோட்டி சரோஜா எழுதுவது

அக்கா,

இன்று காலை ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ஸ்பிரிட்டும் ஃபினாயிலும் கலந்த வாசனை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் "சரோஜா ஜி" என்று கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. வழக்கம்போல நீங்கள் முதலில் எழுந்திருப்பீர்கள் என்று உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோது பக்கத்திலிருந்த சர்தார்ஜி என் பக்கம் திரும்பி, "பெஹன்ஜி, ஆப் ஹீ ஹோ க்யா?" என்றார். ஆமாம், நான்தான் என்று தலையாட்டிவிட்டுப் போய்க் கையை நீட்டினேன். ஊசி குத்தியதால்தான் என் கண்ணில் தண்ணீர் வந்தது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் நாம் போன இடமெல்லாம் அந்தப் பெயருக்கு இரண்டு தலை திரும்பியது. அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். பெயரைச் சொன்னேன். டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"ஏட்டி, இங்கன ஏற்கெனவே ஒரு சரோஜா இருக்கேன்லா. வேற பேரு ஏதும் இல்லையா உனக்கு?"

இல்லை என்றேன், ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி. மத்தியானத்துக்குள் ஹிந்திக்காரர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். உயரமான நீங்கள் லம்பி சரோஜ், குட்டையான நான் சோட்டி சரோஜ். தில்லி ஆர்.கே.புரத்தில் நம் இருவருக்கும் குவார்ட்டர்ஸும் எதிரெதிர் பிளாக்கில் அமைந்தது. அங்கே தமிழர்கள் உங்களை அம்பாசமுத்திரம் என்றார்கள், என்னைக் கும்பகோணம் என்றார்கள். சரோஜா என்று மட்டும் சொன்னால் யாருக்கும் வேலை நடக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் அந்தப் பதிவேட்டைக் காட்டினீர்கள். அலுவலகத்தில் பாதி எழுதாமல் தூக்கிப்போட்ட வருகைப் பதிவேடு. அதன் பின்பக்கங்களில் உலகத்துச் சரோஜாக்கள் எல்லோரும் வருகை தந்திருந்தார்கள். இடது பக்கம் ரத்தமும் சதையுமான சரோஜாக்கள்: ஒரு நீதிபதி, ஒரு வீணைக் கலைஞர், வானொலியில் செய்தி வாசித்தவர், சுதந்திரப் போராட்டத்தில் கைக்குழந்தையோடு சிறைக்குப் போன ஒரு அம்மாள், நீச்சலில் மெடல் வாங்கிய பள்ளிக்கூடப் பெண். வலது பக்கம் கதைகளிலும் சினிமாக்களிலும் வந்த சரோஜாக்கள். அவர்கள் கதி வேறு. காசநோயில் போனவர்கள் நாலு பேர். நாயகனின் தங்கையாக வந்து கிணற்றில் விழுந்தவர்கள் மூன்று. காதலனைத் தோழிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ரயிலேறிப் போனவர்களுக்குக் கணக்கே இல்லை. வில்லனுக்கு ஸ்டெனோவாக ஒருத்தி இருந்தாள். நம் இருவருக்கும் அதே உத்தியோகம் என்பதால் அவள்மேல் உங்களுக்குத் தனிப் பாசம்.

"இந்தா பாரு. நெசத்துல சரோஜா ஜெயிலுக்குப் போறா, தீர்ப்புச் சொல்லுதா, நீந்துதா. கதையில வந்துட்டா மட்டும் எதுக்கு அழுதுகிட்டே கெடக்கா? பேனா புடிச்சவன்லாம் சேந்து நம்மள அழவைக்கணும்னு பேசி வச்சிருக்கானுவளா?"

இடது பக்கத்துக்காரர்களுக்குப் போஸ்ட் கார்டு வேறு போடுவீர்கள். 'அன்புள்ள சரோஜா, நானும் சரோஜா. நலம். நீங்கள் செய்வதை விடாமல் செய்யவும்.' அவ்வளவுதான் வாசகம். நீதிபதி அம்மாள் மட்டும் பதில் எழுதினார்: தன் இயற்பெயர் வேறு என்றும், கல்யாணத்தின்போது புக்ககத்தார் மாற்றிவிட்டதாகவும், ஆட்சேபணை இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளலாம் என்றும். நீங்கள் இரண்டு நாள் யோசித்து, அவரைப் பேனாவிலிருந்து பென்சிலுக்கு மாற்றினீர்கள்.

என்னையும் அதில் போடச் சொல்லிக் கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். ஆனால் நீங்கள் கொஞ்சமும் சிரிக்காமல், "பேப்பர்ல அச்சுல பேரு வரட்டும், போடுதேன். ரேஷன் கார்டுல வந்ததெல்லாம் செல்லாது" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது.

அந்த ரோஷத்தில்தான் கதை எழுதினேன். சாப்பாட்டு வேளையில், ஃபைல் அட்டைக்குள் காகிதத்தை ஒளித்துவைத்து, உங்களுக்கும் தெரியாமல். எழுதுவதற்கு எனக்கு என்ன தெரியும்? வீட்டில் என் மாமியார் இருந்தார். அவரை எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், தெலுங்கு பேசுகிறவராகக்கூட ஆக்கினேன். மூக்கின் இரண்டு பக்கமும் இருந்த வைர மூக்குத்திகளை மாற்ற மறந்துவிட்டேன். 'சரோஜா, புது தில்லி' என்று கையெழுத்துப் போட்டுச் சென்னைக்கு ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அது திரும்பி வரும், கிழித்துப் போடலாம் என்று இருந்தேன். அச்சாகி வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் அந்தப் பத்திரிகையை மாமியார்தான் முதலில் படிப்பார். அட்டையிலிருந்து தைல விளம்பரம் வரை ஒரு வரி விடமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல ஒரு கிழவி வர்றா. ரெண்டு பக்கமும் வைர மூக்குத்தியாம். எழுதினவ பேரு சரோஜாவாம். ஊரு தில்லியாம்."

என் கணவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். எங்கள் இல்லறத்தில் அவர் எடுத்த உறுதியான நிலைப்பாடு அது ஒன்றுதான். பெட்டியைக் கட்டிக்கொண்டு கும்பகோணம் போகவேண்டியதுதான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, உறைமோருக்குக் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றீர்கள். உங்கள் வீட்டிலும் அந்தப் பத்திரிகை வந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தீர்கள், மாமியார் மடியில் விரிந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தீர்கள்.

"என்னம்மா, கதையப் படிச்சாச்சா? நாந்தான் எழுதுனேன். எப்படி இருக்கு?"

"நீயா?" என்றார் மாமியார். "உன் மாமியாருக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தியா?"

"ரெண்டு பக்கமும்தாம்மா. வைரம்."

உங்கள் மாமியார் மூக்கே குத்தாதவர். பாவம், அம்பாசமுத்திரத்தில் கோழி வளர்த்துக்கொண்டு தன் பாட்டில் இருந்தவர். என் மாமியார் எழுந்து வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படியும் ஒரு பொம்பள உலகத்துல இருப்பாளா? எப்படிம்மா தாங்குற?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். நான் சமையலறைக்குள் ஓடிப்போய் உறைமோரைத் தேடுகிறவள்போல அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு என் மாமியார் உங்களுக்குப் பயந்தார் என்பதுதான் வேடிக்கை. நீங்கள் வந்தால் என்னை 'வாம்மா, போம்மா' என்று தேனொழுகக் கூப்பிடுவார். "அவளுக்கு நல்ல காபியா குடு. எதையாவது பாத்துட்டுப் போய் எழுதி வச்சுடப் போறா" என்று என் காதில் சொல்வார். அந்த ஒரு கதையால் எனக்கு வீட்டில் ஐந்தாறு வருஷம் நிம்மதி கிடைத்தது. அது நீங்கள் போட்ட பிச்சை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஏனென்றால் அடுத்த பொங்கல் விழாவில் தமிழ்ச் சங்கத்தில் உங்களுக்குச் சால்வை போட்டார்கள். 'தலைநகரின் தமிழ் எழுத்தாளர்' என்றார் தலைவர். நீங்கள் மேடையிலிருந்து கூட்டத்தில் என்னைத் தேடினீர்கள். நான் முன்வரிசை நாற்காலியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், "சால்வை உங்களுக்கு நல்லா இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஏட்டி, இப்பவே உங்க வீட்டுக்கு வந்து உங்க மாமியார்ட்ட நெசத்தச் சொல்லிருதேன். சால்வையும் நீ வச்சுக்க. வரட்டா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வாருங்கள் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. இறங்கும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நாலு மாதம் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அந்த நாலு மாதத்துக்குள் யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பத்திரிகையை அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுபோய்விட்டான். உங்கள் மாமியார் மனம் கசந்து, வருஷாவருஷம் அனுப்பும் மாவடு ஜாடியை நிறுத்திவிட்டார். அதைக்கூட நீங்கள் சொல்லி எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் சொன்னார். கேட்டதற்கு, "சவத்த விடு, மாவடுதான போச்சு" என்றீர்கள்.

கடைசியில் நீங்கள்தான் வந்தீர்கள். ஜிலேபிப் பொட்டலத்தை என் மேசையில் வைத்து, "தொடர்கதையில ஒரு புதுச் சரோஜா கெடச்சிருக்காட்டி. டாக்டராம். மூணு வாரமாச்சு, இன்னும் உயிரோட இருக்கா" என்றீர்கள். அதற்குமேல் எப்படிக் கோபமாக இருப்பது?

அன்றைக்குப் பதிவேட்டில் இடது பக்கம் ஒரு புது வரி எழுதியிருந்ததையும் காட்டினீர்கள். 'சரோஜா, புது தில்லி. எழுத்தாளர்.' லம்பியா சோட்டியா என்று போடவில்லை. பேனாவால்தான் எழுதியிருந்தது. அப்போதைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது. பிற்பாடு போதவில்லை, அக்கா. மாமியார் காலமானார், நாம் ஓய்வு பெற்றோம், நீங்கள் ஜனக்புரிக்கு மகன் வீட்டுக்குப் போனீர்கள். நான் மறுபடி எழுதவே இல்லை. வாழ்க்கையில் நான் எழுதியது அந்த ஒரே கதை. அது என்னுடையது என்று நாலு பேர் முன்னால் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் வயதோடு சேர்ந்து வளர்ந்தது. மலை மந்திர் முருகன் கோவில் படியில் உட்கார்ந்து உங்களிடமே ஒருமுறை கேட்டேன்.

"சொல்லேன். நான் போன பொறவு சொன்னா இன்னும் வசதி. குறுக்க யாரும் பேசமாட்டாவ" என்றீர்கள்.

போய்விட்டீர்கள். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் 'நம் அன்புக்குரிய சரோஜா அவர்கள் காலமானார்' என்று போட்டு, பொங்கல் விழாப் படத்திலிருந்து என் முகத்தை வெட்டி ஒட்டிவிட்டார்கள். அன்று முழுவதும் என் வீட்டுக்குப் போன் வந்தது. ஒருவர் என்னிடமே, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டார். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். நான் ஒவ்வொருவரிடமும், "நான் இல்லை, அவர்" என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

இரங்கல் கூட்டத்துக்கு ஒரு வாரம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். 'அந்தக் கதையை எழுதியது நான். என் வீட்டைக் காப்பாற்ற அவர் பழியை ஏற்றுக்கொண்டார்.' இரண்டே வாக்கியம். உங்களுக்கும் பெருமை, எனக்கும் பெருமை. என் மருமகள் ஸ்வாதி கூட வந்திருந்தாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் புரியும், பேசுவாள், ஆனால் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. செயலாளர் எழுந்து உங்கள் நினைவாக 'உங்கள்' கதையை முழுவதுமாக வாசித்தார்.

எனக்கே பாதி மறந்துபோயிருந்தது. அந்த மாமியார் மருமகளை ஒரு வார்த்தை திட்டமாட்டாள். மருமகள் சாம்பாரை இறக்கி வைத்ததும் சத்தமில்லாமல் வந்து, கரண்டியில் கொஞ்சம் எடுத்து ருசி பார்த்து, ஒன்றும் சொல்லாமல் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுப் போவாள். தினமும் போடுவாள். மருமகள் ஒருநாள் கடல் தண்ணீராக உப்பைக் கொட்டி வைப்பாள். கிழவி அதற்கும் ஒரு சிட்டிகை போடுவாள்.

கூட்டம் சிரித்தது. எல்லோரையும்விட ஸ்வாதி அதிகமாகச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"அம்மா, புரா மத் மானியே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஆன்ட்டி உங்களைப் பாத்துத்தான் எழுதினாங்களா? அந்த சால்ட் சீன் அப்படியே நீங்கதான்."

நான் அவளைப் பார்த்தேன். குறும்பு இல்லை அவள் முகத்தில். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் உப்புப் போடுகிறேனா? போடுகிறேன், அக்கா. ஏழு வருஷமாகப் போடுகிறேன். அவள் ஒன்றும் சொன்னதில்லை, நானும் அதைக் கவனித்ததில்லை.

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய் நின்றேன். மூன்றாம் வரிசையில் ஸ்வாதி எனக்காகப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் சேர்த்துவைத்திருந்த அந்த இரண்டு வாக்கியமும் தொண்டை வரை வந்தன.

"இந்தக் கதையை எழுதியது அவர்தான்" என்றேன். "எனக்கு நன்றாகத் தெரியும். அவர் எழுதும்போது நான் பக்கத்தில் இருந்தேன்."

கை தட்டினார்கள். இறங்கி வந்து உட்கார்ந்தேன். ஸ்வாதி என் கையைப் பிடித்து அழுத்தினாள். முதல் தடவை நீங்களாக ஏற்றுக்கொண்டீர்கள். இந்தத் தடவை நானாகவே உங்கள் தலையில் கட்டிவிட்டேன், நீங்கள் இல்லாத தைரியத்தில். கோபித்துக்கொள்ளமாட்டீர்கள் என்று தெரியும்.

அன்றிலிருந்து அவள் சமைக்கும் நேரத்தில் நான் பால்கனியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். சாம்பாரில் உப்புக் குறைவுதான். ஊற்றிக்கொண்டு சாப்பிடுகிறேன். இந்தப் பெயரை நாம் இருவரும் வைத்துக்கொண்டிருந்தவரை, ஒருத்தி மாட்டிக்கொண்டால் கைகாட்ட இன்னொருத்தி இருந்தாள். இனிமேல் சரோஜா என்ன செய்தாலும் அது நான் செய்ததுதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், அக்கா. அதுதான் பயமாக இருக்கிறது.